எலும்பில் பதிந்த உழைப்பை வாசிப்பது எப்படி

தர்மபுரியில் 30 வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தேன். இருட்டறையில் பிலிம் கழுவிக் காயப்போட்ட காலம் முதல் எல்லாம் கம்ப்யூட்டரில் தெரியும் காலம் வரை. முழங்கால், முதுகு, தோள்பட்டை என்று பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் பெயரும் வயதும் படிக்கும் முன்பே படம் பேச ஆரம்பித்துவிடும். இது மூட்டை தூக்கிய முதுகு, இது பாறை உடைத்த தோள் என்று மனசுக்குள் ஓடும். அந்த யூகம் எங்கே சரி, எங்கே தப்பு என்று தேடிப் போய்த்தான் பழங்கால எலும்புக்கூடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஓய்வு பெற்றபின் வரலாறு படிக்கும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்கு இது தேவையான படிப்பு. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் பாறை மேல் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்கள், நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அரசு அறிவித்தது. தர்மபுரி மாவட்டம் மோதூரில் 2004-05இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. இரும்பைப் பற்றியும் பானையைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். அந்த இரும்பை அடித்த கை, அந்தப் பானையைச் சுமந்த இடுப்பு பற்றிப் பேச்சே இல்லை. நம் செம்மண் எலும்பை மெல்லக் கரைத்துவிடும், அதனால் முழுக்கூடு கிடைப்பது அரிது. கிடைக்கும் துண்டையாவது வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் நல்லி எலும்பு

மனித எலும்பைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டின் தொடை நல்லியை உடைக்காமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். வேகவைத்து, சதையைச் சுத்தமாக எடுத்து, வெயிலில் நாலு நாள் காயவையுங்கள். அப்புறம் ஆக்ஸா பிளேடால் நடுவில் குறுக்கே அறுங்கள். உள்ளே ஒரு குழாய் தெரியும். வெளிச்சுவர் கெட்டி, நடுவில் மஜ்ஜை இருந்த ஓட்டை. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. இந்தத் தடிமன் வித்தியாசத்தைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரே எடையுள்ள மூங்கிலையும் திடமான குச்சியையும் வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூங்கில்தான் தாங்கும். பொருள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும். எலும்பும் அந்தக் கணக்கில்தான் கட்டப்படுகிறது. எந்தப் பக்கம் அடிக்கடி வளைக்கும் விசை வருகிறதோ அந்தப் பக்கம் சுவர் ஏறும். சுமை இல்லாவிட்டால் உள்ளிருந்து கரையும். இதை முதலில் விதியாக எழுதி வைத்தவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப், 1892இல். விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பு, முதுகு போன்ற சுமை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தாது குறைகிறது. அதே விதிதான், மறுபக்கத்திலிருந்து.

இன்னொன்றையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எலும்பு இப்படிச் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது முக்கியமாக வளரும் வயதில். பூப்பெய்துவதற்கு முன்பே டென்னிஸ் ஆடத் தொடங்கிய பெண்களுக்கு, ஆடும் கையெலும்புக்கும் மற்றக் கையெலும்புக்கும் உள்ள வித்தியாசம், பிறகு தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நாலு மடங்கு இருந்தது. ஆகவே 50 வயதில் செத்தவரின் எலும்புத் தண்டைப் பார்த்து 'சாகும்போது இந்த வேலை செய்தார்' என்று எழுதக் கூடாது. 15 வயதில் என்ன செய்தார் என்பதே அதில் அதிகம் பதிந்திருக்கும்.

கை: இடது வலதை ஒப்பிடுங்கள்

உங்கள் மேற்கையின் வெளிப்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள். தோள் தசை வந்து பிடிக்கும் இடம் சொரசொரப்பான மேடாக எலும்பில் இருக்கும். மாணவர்கள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது இந்த மேட்டைத்தான். மேடு பெரியதென்றால் ஆள் பலசாலி என்று எழுதிவிடுவார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். தசை பிடிக்கும் இடங்கள் வயது ஏற ஏறத் தானாகவே கரடுமுரடாகும், பெரிய உடம்புக்காரருக்குப் பெரிதாக இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது எலும்புத் தண்டு, அதுவும் இரண்டு கையையும் சேர்த்து. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர், ஒரே வயது. ஆனாலும் இரண்டு கைக்கும் வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் வேலையால் வந்தது.

வெர்னியர் காலிப்பரால் இரண்டு மேற்கை எலும்புகளின் நடுப்பகுதி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, சிறியதால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு வலது 22.4 மில்லிமீட்டர், இடது 21.0 என்றால் வித்தியாசம் சுமார் 6.7 சதவீதம். 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொழில்முறை டென்னிஸ் ஆடும் ஆண்களுக்கு ஆடும் கையின் எலும்புச் சுவர் மற்றக் கையைவிட சுமார் 35 சதவீதம் தடித்திருந்தது. வாழ்நாளெல்லாம் ஒரே கையை ஓங்கினால் எலும்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதை ஓர் எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கையும் சமமாக, ஆனால் இரண்டுமே கெட்டியாக இருந்தால்? அப்போது எனக்கு என் அம்மாயி ஞாபகம் வந்துவிடும். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். கோழி கூவும் முன்பே எழுந்து திருகைக்கல்லில் ராகி அரைப்பார். அரைத்தால்தான் அன்றைக்குக் களி. மிளகாய் அரைக்க அம்மி, ராகி குத்த உரல் உலக்கை, இடுப்பில் தண்ணீர்க்குடம். ஊர்ப் பேச்சில் இதற்கெல்லாம் 'வேலை' என்ற பெயரே கிடையாது. வேலை என்றால் தாத்தா ஏர் ஓட்டியதுதான்.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தபோது அதனால்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. மத்திய ஐரோப்பாவின் ஆதி விவசாயப் பெண்களின் எலும்புகளை, இன்று உயிரோடு இருக்கும் பெண்களின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டார்கள். வாரத்துக்குச் சராசரி 120 கிலோமீட்டர் துடுப்புப் போடும் கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி வீராங்கனைகளும் அதில் இருந்தார்கள். 7,400 முதல் 7,000 வருடங்களுக்கு முன் வாழ்ந்த அந்த விவசாயப் பெண்களின் கையெலும்பு, உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், துடுப்புக்காரர்களைவிட 11 முதல் 16 சதவீதம் வலிமையானது. சாதாரண மாணவிகளைவிட ஏறக்குறைய 30 சதவீதம். காரணமாக ஆய்வாளர்கள் சொன்னவற்றில் முக்கியமானது, சேணம் போல் குழிந்த கல்லில் இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளித் தானியம் அரைத்தது. நம் அம்மி அரைப்பதும் அதே அசைவுதான்.

இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்முறை ஒன்று உண்டு. பெண் எலும்பைப் பெண் எலும்போடு ஒப்பிடுங்கள். அதற்கு முன்பெல்லாம் ஆண் எலும்புகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெண்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை போல என்ற முடிவுக்கு எளிதாகப் போய்விட்டார்கள். ஆண் எலும்பு சுமைக்குக் காட்டும் மாற்றம் பெரிதாகத் தெரியும், பெண் எலும்பில் அதே உழைப்பு மெல்லியதாகத்தான் பதியும். ஆகவே இடுப்பெலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று தீர்மானிக்காமல் மேற்கொண்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

வில்லாளிகளுக்கு வேறொரு தடயம் இருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில், பல எலும்புக்கூடுகளின் தோள்பட்டை நுனி எலும்பு ஒட்டாமல் தனியாகவே நின்றிருந்தது. இளவயதில் ஒட்டியிருக்க வேண்டிய எலும்பு அது. சிறு வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்துப் பழகியதால் ஒட்டாமல் போயிருக்கலாம் என்று அந்த எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லேண்ட் விளக்கினார். கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்ததால் அந்த விளக்கத்துக்கு ஒரு பிடிப்பு இருந்தது. நம் தர்மபுரி நடுகற்களில் வில்லோடு நிற்கும் வீரர்களைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு இதே ஆசை வருகிறது. கல்லில் இருப்பது சிற்பி செதுக்கிய உருவம். அந்த ஆளின் தோளெலும்பு கையில் இல்லாதவரை அவரைப் பற்றிக் கல் சொல்வதை மட்டும் எழுதுவோம்.

கால்: நடந்த தூரம்

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலை ஓட்டினால் கத்தி முனை போல ஒரு விளிம்பு தட்டுப்படும். அதுதான் டிபியா. நிறைய நடந்தவர்களுக்கு, அதிலும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியவர்களுக்கு, இந்த எலும்பு முன்பின்னாக நீண்டு பக்கவாட்டில் ஒடுங்கும். எலும்பின் பின்பக்கம் மேல் பகுதியில் இரத்தக்குழாய் நுழையும் சிறு துளை ஒன்று இருக்கும். அந்த மட்டத்தில் பக்கவாட்டு அகலத்தை முன்பின் அளவால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். அகலம் 21, முன்பின் 32 மில்லிமீட்டர் என்றால் 65.6. 63க்குக் கீழே போனால் தட்டையான டிபியா, 70க்கு மேல் அகலமானது, நடுவில் உள்ளது இடைப்பட்டது. பழைய முறை இது. இப்போது சி.டி. ஸ்கேனில் குறுக்குவெட்டையே பார்த்துவிடுகிறார்கள். ஆனால் காலிப்பர் மட்டும் வைத்திருக்கும் நமக்கு இது போதும், ஒற்றை எலும்பை வைத்து முடிவு கட்டாமல் ஒரே இடுகாட்டில் கிடைத்த பல எலும்புகளை ஒப்பிடும் வரை.

1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 வருடத்துக்கு முந்தைய ஓட்சி என்ற மனிதரின் டிபியா நல்ல வலுவானது. கையெலும்பில் அந்த வலு இல்லை. மலையில் ஏறி இறங்கியே வாழ்ந்தவர் என்பதற்கு அது பொருந்துகிறது. வத்தல்மலையிலிருந்து தலைச்சுமையோடு இறங்கி வந்த பெரியவர்களின் கால் படங்களை நான் எடுத்திருக்கிறேன். அந்த எலும்புச் சுவரைப் பார்த்துவிட்டு அதே நாளில் நகரத்து இளைஞர் ஒருவரின் காலைப் பார்த்தால் மனசு சங்கடப்படும்.

தொடையெலும்பின் உருண்டைத் தலைக்குள் தேன்கூடு மாதிரி நுண்வலை இருக்கும். அமெரிக்காவின் இல்லினாய் பகுதியில் சுமார் 7,000 வருடத்துக்கு முந்தைய வேட்டைக்காரர்களையும் சுமார் 700 வருடத்துக்கு முந்தைய விவசாயிகளையும் ஒப்பிட்ட 2015 ஆய்வில், வேட்டைக்காரர்களின் எலும்பில் இந்த நுண்வலை 20 சதவீதம் அளவுக்கு அடர்த்தி கூடியிருந்தது. சாப்பாட்டு வித்தியாசத்தைவிட நடமாட்டம் குறைந்ததுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

கணுக்காலில் நமக்கே உரிய தடயம் ஒன்று உண்டு. குத்தவைத்து உட்காரும்போது டிபியாவின் கீழ் முன்விளிம்பு, பாதத்தின் டேலஸ் எலும்பின் கழுத்தில் போய் அழுந்தும். பழக்கமாக அப்படி உட்கார்ந்தவர்களுக்கு அந்த இரண்டு இடத்திலும் வழுவழுப்பான சின்னப் பரப்பு உருவாகும். லாகூரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ் 1893இலேயே பஞ்சாபியரின் கால் எலும்புகளில் இதை விரிவாகப் பதிவு செய்தார். கண்டுபிடிக்க எளிதான அடையாளம், நகம் அளவுதான் இருக்கும்.

தேய்ந்த மூட்டு

மூட்டுக் குருத்தெலும்பு முழுதாகத் தேய்ந்தபின் எலும்பும் எலும்பும் உரசினால், அந்த இடம் பளிங்கு மாதிரி பளபளக்கும். இதைப் பார்த்தால் சந்தேகமில்லை, மூட்டு தேய்ந்திருக்கிறது. எதனால் தேய்ந்தது என்பது வேறு கேள்வி. எந்த மூட்டெல்லாம் சேர்ந்து தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சிரியாவின் அபு ஹுரைரா என்ற ஆதி விவசாய ஊரில் கிடைத்து, தியா மோலிசன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்த எலும்புக்கூடுகளில் கால் பெருவிரல் மூட்டு, முழங்கால், கீழ்முதுகு மூன்றிலும் மாற்றங்கள் இருந்தன, பெரும்பாலும் பெண்களிடம். விரல்களை மடக்கி ஊன்றி, மண்டியிட்டு, முன்னால் சாய்ந்து பல மணி நேரம் தானியம் அரைத்தால் சுமை விழும் இடங்கள் அந்த மூன்றும்தான். பெருவிரல் மட்டும் இருந்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

தண்ணீர் செய்யும் வேலை

இனி சொல்லப்போவதைத் தர்மபுரிக்காரனாக நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆகியிருக்கும். ஒரு பெரியவரின் படம். இடுப்பைச் சுற்றித் தசை பிடிக்கும் இடமெல்லாம் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. முதுகுத்தண்டு கெட்டித்து ஒரே கழியாக நின்றது. "கல்லு குவாரியில வேலையா பெரியவரே?" என்று கேட்டேன். "இல்லீங்க, நான் டெய்லருங்க. உக்காந்த எடத்த விட்டு எந்திரிச்சதே இல்லீங்க" என்றார். அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. என்னைப் பார்க்க உடம்போடு திரும்பினார். அவர் ஊர்க் கிணற்றில் புளூரைடு.

நம் மாவட்டத்தின் கடினப் பாறைகளில் உள்ள புளூரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. பல வருடம் அதை வெகுவாகத் தாண்டிக் குடித்தால் எலும்பு சுண்ணாம்புக்கட்டி போல் வெளுத்துத் தடிக்கும், தசைநாரும் பிணைப்புநாரும் எலும்பாகும். இந்தியாவில் இதை முதலில் மருத்துவ உலகுக்கு எழுதியது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரிலிருந்து, 1937இல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது இந்தத் துன்பத்துக்காகத்தான்.

இது இன்றைக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய பஹ்ரைன் எலும்புக்கூடுகளிலும், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையில் அழிந்த ஹெர்குலேனியம் நகரத்தவரின் எலும்புகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். நம் பாறை எத்தனை கோடி வருடப் பாறை! கற்திட்டை எழுப்பியவர்களும் இந்த ஊற்றைத்தான் குடித்திருப்பார்கள். ஆகவே இங்கே கிடைக்கும் எலும்பில் தசை பிடிக்கும் இடம் முரடாக இருந்தால் 'கடும் உழைப்பாளி' என்று எழுதும் முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

பல்லைப் பாருங்கள், பழுப்புக் கறையும் குழிகளும் சிறு வயதிலேயே புளூரைடு போனதைக் காட்டும். ஆனால் மண்ணும் பல்லைக் கறையாக்கும், அதனால் எனாமலில் குறுக்குப் பட்டைகளாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து முன்கை. அங்கே இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு சவ்வு உண்டு. அந்தச் சவ்வு எலும்பாகி, விளிம்பில் ரம்பப் பல் போல நீட்டிக்கொண்டிருந்தால் என் அனுபவத்தில் அது புளூரைடுதான். எந்த உழைப்பும் இரண்டு முன்கையிலும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அப்புறம், உழைப்பு உடம்பில் சில இடங்களைத் தேர்ந்தெடுக்கும், தண்ணீர் தேர்ந்தெடுக்காது. அதே இடுகாட்டில் ஆண், பெண், இளைஞர், முதியவர் எல்லாருக்கும் அதே முரடு இருந்தால் கிணற்றைச் சந்தேகியுங்கள்.

முதுகெலும்பின் வலது பக்கம் மட்டும் மெழுகு உருகி வழிந்த மாதிரி நாலைந்து கண்ணிகள் ஒட்டியிருந்தால் அது இன்னொரு நோய். வயதானவர்களுக்கும் பருத்த உடம்பினருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வருவது. இடது பக்கம் பெருந்தமனி துடித்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஒட்டுவதில்லை என்பது வழக்கமான விளக்கம்.

ஊர் விட்டு ஊர்

நடமாட்டம் என்றால் இடம்பெயர்வும்தான். பல் எனாமல் சிறு வயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும். எலும்போ வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பாறையிலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் பயிருக்கும் போகும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறான வகைகள்) விகிதம் ஊருக்கு ஊர் மாறும், பழைய கருங்கல் பூமியில் அது உயர்ந்திருக்கும். முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு விகிதமும் இறந்த இடத்தில் வேறு விகிதமும் இருந்தால், அந்த ஆள் குழந்தையாக இருந்தது வேறு மண்ணில். ஆக்சிஜன் ஐசோடோப்பையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு அருகே 2002இல் எலும்புக்கூடாகக் கிடைத்த, 'எம்ஸ்பரி வில்லாளி' என்று அழைக்கப்படும் மனிதர் வளர்ந்தது ஆல்ப்ஸ் பகுதியில் என்று தெரிந்தது அப்படித்தான். அவருக்கு இடது முழங்கால் சில்லே இல்லை, இறப்பதற்கு வருடங்களுக்கு முன்பே போய்விட்டது.

நடக்க முடியாதவர்கள்

உழைப்பு பதிவது போல உழைக்க முடியாமல் போனதும் பதியும். வியட்நாமின் மான் பாக்கில் 2007இல் கிடைத்த இளைஞர் ஒருவரின் கை கால் எலும்புகள் குச்சி மாதிரி மெலிந்திருந்தன. பருவ வயதுக்கு முன்பே உடல் செயலிழந்து, அதன்பின் பத்து வருடம் போல உயிரோடு இருந்திருக்கிறார். சுமார் 4,000 வருடத்துக்கு முன்பு, மீன் பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்த ஊரில். ஊட்டியவர்கள், புரட்டிப் படுக்கவைத்தவர்கள், சுத்தம் செய்தவர்கள் இல்லாமல் அது நடக்காது. ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் மெலிந்திருக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்தால் அவசரமாகக் கடந்து போகாதீர்கள். முறிவு ஆறிய தடம் இருக்கிறதா, எத்தனை வருடம் வாழ்ந்தார் என்று பாருங்கள். அவரைச் சுற்றி இருந்த மனிதர்களையும் அங்கே காணலாம்.

வயலில் எலும்பு கிளம்பினால்

ஜே.சி.பி. ஓட்டும்போதும் கிணறு வெட்டும்போதும் தாழி உடைந்து எலும்பு வருவது நம் பக்கம் நடக்கக்கூடியது. வேலையை நிறுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள், எலும்பு பழையதா புதியதா என்று தீர்மானிப்பது நம் பொறுப்பல்ல. அவர்கள் வரும்வரை ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, கிடந்த நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இடது எது, வலது எது என்பது கிடந்த நிலையில்தான் தெளிவாகத் தெரியும். கழுவக் கூடாது. பசையோ வார்னிஷோ தடவக் கூடாது. வெறுங்கையால் பல்லைத் தொடாதீர்கள், டி.என்.ஏ. ஆய்வுக்கு அதுதான் மிச்சம். இடுப்புக்குள் இருக்கும் மண்ணைத் தட்டிவிடாதீர்கள், குடல்புழு முட்டைகள்கூட அதில் இருக்கும். வெயில் ஏறினால் ஈரச் சாக்கைப் போடாமல், ஓலையோ பந்தலோ கட்டி நிழல் கொடுங்கள், சட்டென்று காய்ந்தால் எலும்பு வெடித்துவிடும். ஊரில் யாராவது கற்பூரம் ஏற்ற வேண்டும் என்றால் தடுக்காதீர்கள், இரண்டடி தள்ளி ஏற்றச் சொல்லுங்கள்.